நூத்தி நாப்பத்தஞ்சு தேர்தலில் நின்றபோது

ரயில்வே சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் இந்தியாவில் இரண்டே பேர்தான் இருந்திருக்க முடியும். ஒருவர் அதை எழுதியவர். இன்னொருவர், தொண்ணூறுகளில் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் சாயங்கால மின்சார ரயிலில், கடைசிப் பெட்டியில் வந்துகொண்டிருந்த நூத்தி நாப்பத்தஞ்சு. எழுதியவர் முழுதாகப் படித்திருப்பாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அது அவர் பெயர் அல்ல. ரயிலில் குடிபோதையில் இருந்தால் இறக்கிவிடலாம், அபராதம் போடலாம், உள்ளேயும் தள்ளலாம் என்று சொல்கிற பிரிவின் எண். அதை அவர் தினமும் சொன்னதால் அவருக்கே பெயராக நின்றுவிட்டது. பாரிமுனையில் ஏதோ கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். அரைக்கை வெள்ளைச் சட்டை, கையில் நீளக் குடை. அந்தக் குடையை மழைக்கு விரித்து நான் பார்த்ததில்லை. ஆட்களைச் சுட்டிக்காட்டத்தான் வைத்திருந்தார்.

நானும் பாரிமுனையில்தான், ஒரு பேப்பர் கடையில் கட்டுப் போடும் வேலையில் இருந்தேன். படிப்பு பத்தாவதோடு சரி. குரோம்பேட்டையில் வீடு. யாரோடும் கலகலப்பாகப் பேச எனக்கு வராது. மூலை சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வருவேன். கேட்பதற்கு அந்தப் பெட்டியைப் போல ஓர் இடம் கிடையாது.

எதிர்ப்பக்கம் கலர் மணியின் கோஷ்டி உட்காரும். மணி துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஆரஞ்சு கலர் சோடா பாட்டிலில் பிராந்தியைக் கலந்து கொண்டுவருவார். கிண்டி தாண்டினால் பாட்டில் திறக்கும். பாட்டில் திறந்தால் நூத்தி நாப்பத்தஞ்சு எழுந்து நிற்பார்.

"மிஸ்டர் மணி, பாட்டிலை மூடுங்க. செக்ஷன் நூத்தி நாப்பத்தஞ்சு."

"அந்த செக்ஷன்ல ரயில்வே ஆளுதான் எறக்கி வுடலாம்னு கீதாமே? நீ இன்னா சார் கார்டா, டிரைவரா?"

"பாசஞ்சர். பாசஞ்சர் எடுத்துச் சொல்லலாம்."

"அப்ப சொல்லு சார். கேட்டுக்கினே குடிக்கிறோம்."

அவர் சொல்வார். அவர்கள் குடிப்பார்கள். பல்லாவரம் வரும்போது இரண்டும் முடிந்திருக்கும். வருடக்கணக்கில் இப்படியே ஓடியது.

ஆனால் நூத்தி நாப்பத்தஞ்சு நியாயஸ்தர். ஒருமுறை மணி மஞ்சள் காமாலை வந்து தேறியிருந்தார். பாட்டிலில் வெறும் கலர்தான் இருந்தது. அது தெரியாமல் இவர் மீனம்பாக்கம் வரை பேசித் தீர்த்துவிட்டார். மணி பாட்டிலை நீட்டினார். இவர் முகர்ந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"தப்பா கேஸ் போட்டுட்டேன் மணி. மன்னிச்சுக்கணும்."

"பரவால்ல வுடு சார். ஒடம்பு சரியாவட்டும், ஒழுங்கா கொண்டாறேன்."

ஒருநாள் மாம்பலத்தில் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் நாலைந்து ஆட்களோடு ஏறினார். ஏதோ பொதுக்கூட்டம் முடிந்து வருகிறார்கள். கழுத்து மாலையைக்கூடக் கழற்றவில்லை. கிண்டி வரை பொறுக்காமல் சைதாப்பேட்டையிலேயே பாட்டிலைத் திறந்து பிளாஸ்டிக் டம்ளர்களில் ஊற்றினார்கள். மணியின் கோஷ்டியே முகம் சுளித்தது. நூத்தி நாப்பத்தஞ்சின் குடை நீண்டது.

"யோவ் பெருசு, நான் யாருன்னு தெரியுமா?" என்றார் வட்டச் செயலாளர்.

"தெரியாது. சட்டத்துக்கும் தெரியாது."

கூட வந்தவர்களில் ஒருவன் குடையைப் பிடுங்கிக் கதவு வழியே வீசினான். மணி எழுந்தார்.

"அவரு மேல இன்னாத்துக்குடா கை வெச்சே? இத்தினி வருசமா தெனம் திட்டு வாங்குறோம், நாங்களே அவரைத் தொட்டதில்ல. இன்னிக்கு ஏறின நீ குடையைப் புடுங்குறியா?"

பரங்கிமலையில் வண்டி புறப்பட்டபோது வட்டச் செயலாளர் மாலையோடு பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். மணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, தன் பாட்டிலைத் திறந்தார்.

"உதவிக்கு ரொம்ப நன்றி மணி," என்றார் நூத்தி நாப்பத்தஞ்சு. "பாட்டிலை மூடுங்க."

கொஞ்ச நாளில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. தாம்பரத்தில் இவருடைய வார்டுக்கு அதே வட்டச் செயலாளர்தான் வேட்பாளர். ரயிலில் குடிக்கிறவர் நகராட்சியில் என்ன செய்வார் என்று கேட்டு, இவர் சுயேச்சையாக மனு போட்டார். இவருக்குக் கிடைத்த சின்னம் கண்ணாடி டம்ளர்.

ரயிலில் குடிப்பதை ஒழிப்பேன் என்று வீடு வீடாகப் போய் டம்ளர் படத்தைக் காட்டினார். இது பால் டம்ளர் என்று ஒவ்வொரு வாசலிலும் விளக்க வேண்டியிருந்தது. ஓர் அம்மா, "எங்க தெருவுக்குக் குழாய் போடுவீங்களா சார்?" என்று கேட்டாராம். "அதைப் பத்தி நான் இன்னும் படிக்கலைம்மா," என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார்.

"கவுன்சிலரு எப்டி சார் டிரெயினை நிறுத்தி பாட்டிலைப் புடுங்குவாரு?" என்றார் மணி.

"தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்புவோம்."

இருந்தும் வார்டில் நல்ல பேர். லஞ்சம் வாங்க மாட்டார், வாங்கவும் தெரியாது என்று ஜனங்கள் நம்பினார்கள். மணிக்கும் அதே வார்டுதான். அவர் தெரு முழுக்கச் சொந்தக்காரர்கள். அந்தத் தெரு சாய்கிற பக்கம்தான் ஜெயிக்கும் என்று பேச்சு.

"நம்ம தெரு ஓட்டு பூரா உனுக்குத்தான் சார்," என்றார் மணி, பாட்டிலைத் திருகிக்கொண்டே.

"ஓட்டு வேற, செக்ஷன் வேற. மூடுங்க."

ஒருநாள் நூத்தி நாப்பத்தஞ்சு இடம் இல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார். "வீட்டுல நான் வாயைத் திறந்தா ரேடியோவைத் திருப்பிடுவாங்க சார். ஆபீசுல எழுந்து போயிடுவாங்க. நகர்மன்றத்துல அப்படி முடியாது. உட்கார்ந்து கேட்டுத்தான் ஆகணும். முதல் பேச்சு இப்பவே தயார்." நான் தலையாட்டினேன்.

தோற்றுவிட்டார். கொஞ்ச ஓட்டில்தான். மணியின் தெருவில் இவருக்கு ஒன்றுமே விழவில்லை என்று ரயிலில் பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு சில நாட்கள் அவர் வரவில்லை. கிண்டி தாண்டியதும் பாட்டில் திறந்தது, ஆனால் தாம்பரம் போகும்போது பாதி மீந்திருந்ததாம். அப்படி அதற்கு முன் நடந்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை ஏறினார். அவருக்காக விட்டிருந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தார். மணி பாட்டிலைத் திறந்தார். அவர் திரும்பவில்லை. மணி கனைத்தார். ஒரு வாய் குடித்தார்.

"சார், குடிக்கிறேன் சார்."

"குடிங்க. என் பேச்சு வேணாம்னு ஜனங்க சொல்லிட்டாங்க."

மணி பாட்டிலைக் கீழே வைத்தார். "ஜனங்க எங்க சார் சொன்னாங்க? நான்தான் தெரு பூரா மாத்திப் போட வெச்சேன்."

அவர் மெதுவாகத் திரும்பினார்.

"அந்த ஆளுக்கா? என் குடையை வீசினாங்களே, அவங்களுக்கா?"

"நீ கவுன்சிலர் ஆனா இந்தப் பொட்டிக்கு வருவியா சார்? எவனாவது கார் எடுத்துக்கினு வருவான், ஏறிப் போயிடுவே. அப்பால எங்களை யாரு சார் திட்டுவா? வூட்லகூட திட்டுறதை வுட்டாங்க."

அவர் மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்றார்.

"மிஸ்டர் மணி, தேர்தல்ல நீங்க செஞ்சது எந்த செக்ஷன்ல வரும்னு இனிமேதான் பார்க்கணும். இப்போ பாட்டிலை மூடுங்க."

மணி மூடினார். மூடி, மடியில் வைத்துக்கொண்டார். நூத்தி நாப்பத்தஞ்சுக்கு அடுத்து என்ன செய்வதென்று ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மணியைப் பார்த்து, "மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே," என்று ஆரம்பித்தார்.

பல்லாவரம் போனது. குரோம்பேட்டை வந்தது. பேச்சு முடிகிற மாதிரி இல்லை. அங்கே இறங்க வேண்டியவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.