சீல் அண்ணாச்சி பூட்டிய வேன்

திறந்துகிடக்கும் எதையும் சீல் அண்ணாச்சியால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கு, கட்டரால் வெட்டினால்தான் திறக்கும் இரும்பு சீல் போடுவது அவர் வேலை; வேலை முடிந்த பிறகும் கை நிற்காது. தூக்குச்சட்டிக்கு சீல். ஸ்கூட்டர் பெட்டிக்கு சீல். ஃப்ரிட்ஜிலிருந்து மீனை எடுக்க அவர் மனைவி ஆபீசுக்குப் போன் போட வேண்டும்.

என் தங்கை மெர்சியின் கல்யாணத்தின்போது அப்பா அவரைத்தான் தேடிப் போனார். மாப்பிள்ளையின் தாய்மாமா கப்பல் இன்ஜினியர். "ரிசப்ஷன்ல தண்ணி இல்லன்னா எங்க ஆளுக வர மாட்டாக" என்று சொல்லிவிட்டார். மெர்சியோ, எங்கள் அக்கா கல்யாணத்தில் குடிகாரச் சண்டையில் கேக் மேசை கவிழ்ந்ததைப் பார்த்தவள். "ஒருத்தர் தள்ளாடினாலும் மேடைய விட்டு எறங்கிருவேன்" என்று அழுதாள். அப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"கவலைய விடுங்க. பாட்டில எல்லாம் வேன்ல ஏத்தி சீல் போடுதேன். போட்டோ, பந்தி முடிஞ்ச பொறவுதான் டெலிவரி" என்றார் அண்ணாச்சி.

மதிய விருந்து. ஹாலுக்குப் பின்னால் இரும்பு சீலோடு வேன் நின்றது. மேகமே இல்லாத வெயிலில் அண்ணாச்சியின் கக்கத்தில் ஒரு பெரிய குடை. தாய்மாமா ஆட்கள் அவசரமாகப் போட்டோவுக்கு நின்று, அவசரமாகப் பிரியாணி தின்று, வேனைச் சூழ்ந்தார்கள்.

அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ, சீல் வெட்டுற கட்டர ஆபீஸ்ல வச்சிட்டு வந்துட்டேன். ஆபீஸ் பூட்டிக் கெடக்கே!"

தாய்மாமா சுத்தியல் வாங்கி அடித்துப் பார்த்தார். "அசைய மாட்டேங்குதே!"

"பின்ன? கடல் தாண்டிப் போற சீல்லா!" என்றார் அண்ணாச்சி, பெருமை தாங்காமல்.

வேறு வழியில்லாமல் பாதிப் பேர் இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தார்கள். மேடையில் மெர்சி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

வழியனுப்பும்போதுதான் அண்ணாச்சி மாட்டிக்கொண்டார். பழக்கதோஷத்தில் மெர்சியின் பெட்டிக்கும் காலையிலேயே சீல் போட்டிருந்தார். "அண்ணாச்சி, என் ஜெபமாலை உள்ள இருக்கே" என்று அவள் கண்கலங்கினாள். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. சட்டென்று குடையை விரித்தார். உள்ளேயிருந்து கட்டர் தொப்பென்று தரையில் விழுந்தது.

"அண்ணாச்சி, இது என்னது?" என்றார் தாய்மாமா.

"குடைக்கம்பி" என்றார் அண்ணாச்சி, பெட்டி சீலை வெட்டிக்கொண்டே. தாய்மாமாவே சிரித்துவிட்டார்.

இப்போது மெர்சி ஊருக்கு வந்தால் முதலில் அண்ணாச்சி வீட்டுக்குத்தான் போகிறாள். போகட்டும். அன்று அவள் சிரித்த சிரிப்புக்கு எங்களைவிட அவருக்குத்தான் உரிமை அதிகம்.