நாற்பதாவது படிவம்

“வாசலிலை பேரையும் ஊரையும் மட்டும்தான் பிள்ளை சொன்னனான். மிச்சம் முழுக்கச் சாத்திரியாரே சொன்னார்!”

“என்னத்தை மாமி சொன்னார்?”

“வீட்டிலை நாலு பேர் எண்டார். பங்குக் கிணறு எண்டார். குழிக் கக்கூஸ் எண்டார். மூத்தவன் ஜேர்மனி, எட்டு மாசமாக் கடிதம் இல்லை எண்டார். ஒண்டும் பிழைக்கேல்லை!”

சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அருந்ததியின் கை நின்றது. பக்கத்து வீட்டு ஞானாம்பிகை மாமியின் மகனை எல்லாம் அறிந்த தெய்வம் பார்க்கட்டும். கிணற்றையும் பார்க்கட்டும். கக்கூஸை எதற்கு எட்டிப் பார்த்தது?

அவளுக்குத் தெரியும். அது அவளுடைய படிவத்தில் கேள்வி இலக்கம் மூன்று.

அருந்ததி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இறுதி வருடம். ‘கடிதம் வராத குடும்பங்கள்: ஒரு சமகாலச் சமூகப் பிரச்சினை’ என்பது அவளுடைய ஆய்வு. நாற்பது வீடு, நாற்பது படிவம்; மாமி வீடும் அதில் ஒன்று. இரண்டு கிழமைக்கு முன் அத்தனையையும் தட்டச்சுக்காகச் சந்தியடிப் பொன்னம்பலத்திடம் கொடுத்திருந்தாள். போர்த் தடையால் கொழும்பிலிருந்து சாமான் வராத காலம். “ரிப்பன் இல்லைத் தங்கச்சி, நாளைக்கு வாங்கோ” என்று தினமும் திருப்பி அனுப்பினான். இந்தப் பொன்னம்பலம் இராசநாயகம் சாத்திரியாரின் சொந்த மச்சான்.

சாத்திரியார் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவர். போன மாதம் வரை, “மேற்கே ஒரு உருவம் தெரியுது” என்பதோடு அவருடைய பார்வை மங்கிவிடும். இப்போது இரண்டு கிழமையாகக் கண் திறந்துவிட்டது. நெல்லியடியிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் சனம் சைக்கிள் உழக்கி வந்தது. காணிக்கை, ஆளுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய். ஊர் முழுக்க ஜாம் போத்தல் விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள, சாத்திரியார் வீட்டில் பட்டப்பகலில் பெற்றோல்மக்ஸ் எரிந்தது. இருளை விரட்டவாம். யாருடைய இருளை என்று எவரும் கேட்கவில்லை.

“வெள்ளிக்கிழமை பசுவைக் கொண்டுபோய் விடப்போறன்” என்றாள் மாமி. “கண்டம் கழிக்க. இருபத்தொரு நாளிலை கடிதம் வருமாம்.”

“மாமி! அந்தப் பாலிலைதானே நீங்கள் அரிசி வாங்கிறனீங்கள்?”

“பிள்ளையை விடப் பசு பெரிசே?”

அருந்ததிக்கு வழி தெரிந்தது. அதற்கு விலையும் இருந்தது. உண்மைப் படிவங்களைக் காட்டிப் பயனில்லை. ‘தெய்வமும் அதைத்தானே கண்டது’ என்பார்கள். ஆனால் அவள் உண்மையில் ஏறி இறங்கியது முப்பத்தொன்பது வீடுதான். நாற்பதாவது நாள் மழை. தபால் கந்தோர் விறாந்தையில் ஒதுங்கி நின்று, பேனாவாலேயே ஒரு குடும்பத்தைப் பெற்றெடுத்தாள்: கொழும்புத்துறைக் கதிரவேலு, கப்பல் தச்சன். ஏழு பெண், ஒரே மகன். மகன் நோர்வேயில் கலைமான் மேய்க்கிறான். எழுத எழுத இனித்தது.

விரிவுரையாளரோ முதல் நாளே சொல்லியிருந்தார்: “ஒரு படிவம் பொய்யெண்டால் நாப்பதும் குப்பை. அடுத்த வருசம் திரும்ப வந்து இருக்கலாம்.”

வாயைத் திறந்தால் ஒரு வருடம் போகும். மூடினால் மாமியின் பசு போகும்.

வெள்ளிக்கிழமை, பசுவோடு நின்ற மாமிக்கு முன்னால் அவள் வரிசையில் நின்றாள். வாசலில் பெயர் எழுதிய சீடனிடம், “கொழும்புத்துறைக் கதிரவேலுவின்ரை மகள்” என்றாள்.

“ஏனடி, உன்ரை அப்பர்...” என்று தொடங்கிய மாமியின் கையைப் பிடித்து, “கொஞ்சம் பொறுங்கோ மாமி” என்றாள்.

சாத்திரியார் உள்ளே மான்தோலில் இருந்தார். பெயர்த் துண்டோடு சீடன் முதலில் அவரிடம் போய் வந்தான்; பிறகுதான் அவர்களை உள்ளே விட்டான். வெற்றிலை வந்தது. கண் மூடியது.

“கதிரவேலு... கப்பல் தச்சன்... ஏழு பெண்ணிலை நீ ஒருத்தி... ஒரு தம்பி...” குரல் நடுங்கியது. “பனி தெரியுது... கொம்பு வைச்ச மிருகம்... ஆ, கலைமான்!”

“அரோகரா!” என்றது கூட்டம். கலைமானுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்த முதல் அரோகரா அதுவாகத்தான் இருக்கும்.

“அவன் உயிரோடை இருக்கிறானோ?”

“இருக்கிறான். ஆனால் பெரிய கண்டம்...”

“பிறக்காதவனுக்கு என்ன கண்டம் சாத்திரியார்?” அருந்ததி எழுந்து நின்றாள். “அப்பிடி ஒரு குடும்பமே இல்லை. மழைக்கு ஒதுங்கி நிண்டு நான்தான் கள்ளமா எழுதினனான்.”

“தெய்வ சன்னிதியிலை பொய் சொல்லாதை!”

“பொய்யோ?” மாமி சீறினாள். “உவள் செல்வநாயகத்தின்ரை ஒரே பிள்ளை! ஏழு பெண் எங்காலை வந்தது? உவள் பிறந்த அண்டு மருந்துக்கு ஓடினவள் நான்!”

மான்தோலுக்கடியில் ஒரு தாளின் மூலை தெரிந்தது; அருந்ததி தோலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். தெய்வம் வெளியே வந்தது. நாற்பது தாள், மூலையில் துளையிட்டு, நூல் கட்டி. மேலே இருந்தது நாற்பதாவது.

“தெய்வம் என்னைச் சோதிக்குது” என்றபடி சாத்திரியார் பின்வாசலுக்கு நடந்தார். முன்வாசலில் செருப்பைத் தேட அவருக்கு நேரமில்லை. சனம் மண்ணெண்ணெய்ப் போத்தல்களில் பாய்ந்தது. ஒன்று கொடுத்தவர்கள் இரண்டோடு போனார்கள்.

கக்கூஸைக் கண்டுபிடித்த தெய்வத்திடம், ‘கடிதம் எந்தத் தபால் கந்தோரில் கிடக்குது?’ என்று ஒரு தலையாவது கேட்டிருந்தால் இரண்டு கிழமை மண்ணெண்ணெய் மிஞ்சியிருக்கும். தலை எண்ணெய் வைக்க மட்டும் இல்லை ஐயா. உள்ளேயும் ஏதோ இருக்கிறது. இடைக்கிடை எடுத்துப் பாருங்கள்.

அருந்ததி நாற்பதாவது படிவத்தைக் கிழித்தாள். ஒரு வருடம் நான்கு துண்டாயிற்று. மிச்சத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, மாமி பசுவின் கயிற்றைப் பிடித்தபடி வாசல் படலையடியில் காத்து நின்றாள்.

“உவன் கள்ளன்தான் பிள்ளை, விடு.” மாமி குரலைத் தாழ்த்தி, படிவக் கட்டை மெல்லத் தொட்டாள். “எல்லாம் உதிலைதானே எழுதிக் கிடக்குது. என்ரை மோன் எப்ப கடிதம் போடுவான் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லன்.”