சிக்னலுக்குச் சிக்னல்

கோல்ஸ் ரோடு சிக்னலில் இஞ்சின் அணைந்தது. காலையில்தான் புது பேட்டரி போட்டிருந்தது.

பாலகுமார் ஒன்றும் செய்யவில்லை. நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டான், அவ்வளவுதான். ஒரு சிலிர்ப்பு, பிறகு அமைதி. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வெளியே மஞ்சள் பூக்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. பச்சை விழுந்தது. கிளட்சை மிதித்தான். இஞ்சின் தானாக எழுந்துகொண்டது.

கார் அவன் மனைவி இளவேனிலுடையது. அவள் இறந்து ஏழு மாதம். அவள் இருந்தவரை அவன் அதை ஓட்டியதில்லை. இடது சீட்டில் ஏறியதும் கண் சொக்கும்; ஆபீஸ் வாசலில்தான் விழிப்பான். வழியில் சிக்னல்கள் இருந்ததே இப்போதுதான் தெரிந்தது.

“ஐடலிங் ப்ராப்ளம் சார்,” என்றார் காக்ஸ் டவுன் மெக்கானிக் நாகேஷ். அம்பாசடர் காலத்து ஆள். “திராட்டில்ல அழுக்கு. கழுவிட்டா ஆயித்து.”

கழுவினார். மறுநாள் இரண்டு சிக்னலில் நின்றது.

“அப்ப ப்ளக்கு.”

மாற்றினார். நான்கு சிக்னலில் நின்றது.

“பழைய பேட்டரியில முக்கிக்கிட்டு ஓடினாலும் நிக்கலையே?” என்றான் பாலகுமார்.

“ஷெட்டுல பானட்டைத் தெறந்து ஒரு மணி நேரம் ஓட விட்டேன் சார். ஒரு இருமல் இல்ல. ஏறுங்க, நானே ஓட்டிப் பாக்கறேன்.”

ஏசியை முழுசாகத் திருகிவிட்டுக் கிளம்பினார். ஆறு சிக்னல். ஒன்றில்கூட அணையவில்லை.

“உங்களப் பாத்துதான் சார் நிக்குது. பேய்க்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது. வித்துடுங்க. சந்தாபுராவுல ஒரு பார்ட்டி இருக்கு, ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன்.”

“சரி,” என்றான். ஏழு மாதமாக எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று காரைக் காலி செய்ய உட்கார்ந்தான். குடை, பார்க்கிங் சீட்டுகள், பாதி தின்ற சாக்லேட். கண்ணுக்கு நேரே வெயில் மறைக்கும் மடிப்பில் அவள் செருகி வைத்த ஹேர்கிளிப்பை எடுக்க மட்டும் கை வரவில்லை. அப்படியே தூங்கிப்போனான்.

சனிக்கிழமை காலை சோனியா லிஃப்ட் கேட்டாள். இளவேனிலோடு ஒரே பள்ளியில் டீச்சர். தினமும் இதே காரில் வந்தவள்.

“பின்னாடியே உக்காந்துக்கறேண்ணா. பழகிடுச்சு.”

கோல்ஸ் ரோடு. இஞ்சின் அணைந்தது.

“மன்னிச்சுக்கங்க,” என்றான். “இதனாலதான் நாளைக்கு விக்கறேன்.”

“இதுக்கா?” சோனியா எட்டி, கியருக்கு முன்னாலிருந்த சின்னப் பட்டனை அமுக்கினாள். இஞ்சின் எழுந்தது. “பெட்ரோல் மிச்சம் பண்ணணும்னு சிக்னல்ல அதுவா அணையும்ணா. கம்பெனிக்காரனே அப்படித்தான் குடுக்கறான். பேட்டரி வீக்கா இருந்தாலும், பானட் தெறந்திருந்தாலும், ஏசி முழுசா ஓடினாலும் மட்டும் அணையாது. வேணாம்னா ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் இத அமுக்கணும்.”

பச்சை விழுந்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பாலகுமார் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவ தினமும் அமுக்கினாளா?”

“ஏறினதும் மொத வேலையே அதான்ணா. இஞ்சின் நின்னா நீங்க முழிச்சுக்குவீங்களாம்.”