கல்யாண பஸ் தாமதமானது பற்றிச் சம்பந்திக்கு

கைதத்தறை,
மகர மாதம், வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி புஷ்பாங்கதன் அவர்களின் சமுகத்துக்கு, மணமகள் சிஜியின் தாய்மாமனும், அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய சுகதன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் இல்லை. தங்கள் கால் எலும்பு கூடி, ஊன்றுகோல் இல்லாமல் தாங்கள் நடக்கும் செய்தி வர வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை முதல் தாங்கள் என் போனை எடுக்கவில்லை. கடைசியாக எடுத்தபோது, "சொல்றதை எல்லாம் எழுதி அனுப்பு, எந்த மாதிரி வீட்ல பெண் எடுத்திருக்கோம்னு நாலு பேருக்குக் காட்டணும்" என்றீர்கள். ஆகையால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றேகால் மணிக்குத் தங்கள் வீட்டு வாசலுக்கு வர வேண்டிய பெண், ஐந்து பத்துக்கு வந்து, ராகுகாலம் கழியட்டும் என்று ஆறு மணி வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்து, அதுவரை தங்கள் மனைவி ராதாமணி அவர்கள் குத்துவிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றதற்கு முழுக் காரணமும் நான்தான். சிஜி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். தகப்பன் இல்லாத பெண்ணைத் தயவுசெய்து ஒன்றும் சொல்லாதீர்கள்.

நடந்தது என்னவென்றால், எங்கள் வார்டில் முப்பது ஏக்கர் வயல் இருக்கிறது. அதை மண் கொட்டி மேடாக்கிக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்கள். அந்த வயலின் நடுவில் ஓடும் தோடு என்கிற வாய்க்கால் ஒன்றுதான் ஊர்த் தண்ணீரை எல்லாம் காயலுக்குக் கொண்டுபோகிறது. வயலுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு உள்ள காலனி. அங்கே இருக்கிற பொன்னம்மா என்கிற நடவு வேலைக்காரப் பெண்மணிதான் வருஷம் ஒன்றாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு இதை எதிர்த்து நிற்கிறாள். கிராம சபை கூடி வேண்டாம் என்று தீர்மானம் போட்டால், மறுநாள் கூடுகிற பஞ்சாயத்துக் கமிட்டி அனுமதி கொடுக்க முடியாது. இது மண்டபக்காரர்களின் பக்கம் நிற்கிற எங்கள் வார்டு மெம்பர் சசாங்கனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவன் என்ன செய்தான் தெரியுமா, நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து, அதே ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குக் கிராம சபை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டான். வார்டில் பாதிப் பேர் நம் விருந்தில். மூணு பாயசம் வேறே. நானே கரண்டியோட நின்னு பரிமாறினேன், இன்னொரு தவி, இன்னொரு தவின்னு. அந்த வயிறோட எவன் கிராம சபைக்குப் போவான், சொல்லுங்க. ஊரே பாயை விரிச்சுப் படுத்துடுச்சு. மீதி ஆள் நம்ம பஸ்ல.

சம்பந்தி, நான் சத்தியமாக நேரத்துக்குத்தான் கிளம்பினேன். இரண்டு பதினைந்துக்குப் பள்ளிக்கூடத்தைக் கடந்துகொண்டிருந்தோம். கூட்டம் அங்கேதான். வாசலில் பொன்னம்மா தனியாக நிற்கிறாள். நல்ல வெயில். அழவில்லை, கூப்பிடவில்லை, கல்யாண பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கி வாழ்த்தினாள், அவ்வளவுதான். சிஜி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எத்தனை சேச்சி?" என்று கேட்டாள். "நூத்து மூணு. இருபத்தொண்ணு குறையுது. நீ போயிட்டு வா மோளே, நல்லா இரு" என்றாள் பொன்னம்மா. நூற்று இருபத்துநாலு வாக்காளர் கையெழுத்து வேண்டும், இரண்டரைக்குள் சேராவிட்டால் கூட்டம் இல்லை என்று சசாங்கன் கடிகாரத்தை மேஜைமேல் கழற்றி வைத்துவிட்டானாம். சிஜி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அதைத் தாங்கள் நம்ப வேண்டும். நாம் வாடகைக்குப் பிடித்தது லைனில் ஓடுகிற பஸ், மணிக்கயிறு என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என் கை தானாகப் போய் ஒரு மணி அடித்துவிட்டது. டிரைவர் பிரேக் போட்டுவிட்டான்.

அப்புறம் என்னைக் கேக்காதீங்க. முப்பத்தோரு வருஷத்துக் குரல் எங்கே இருந்து வந்துச்சுன்னு தெரியலே. கைதத்தறை வார்டு ஓட்டு உள்ளவங்க மட்டும் இறங்குங்க, முன் வாசல் வழியா, நகைப் பெட்டியை விட்டுட்டு வாங்கன்னு கத்தினேன். பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமா வரிசையா இறங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டாங்க. கிழங்கு மாதிரி தூங்கிட்டிருந்த என் சித்தப்பாவை எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன், அவர் மொய் எழுதற நோட்டுன்னு நினைச்சுப் பேரோட வீட்டுப் பேரையும் சேர்த்து எழுதிட்டார். என்னையும் சேர்த்து எண்ணினா இருபது. ஒண்ணு குறையுது. மணி ரெண்டு இருபத்தெட்டு. நெஞ்சு அடிச்சுக்குது சம்பந்தி, பத்து வருஷம் முன்னே டிக்கட் செக்கிங் ஏறினப்போகூட அப்படி அடிக்கலே. அப்பத்தான் சிஜி கழுத்து நிறைய நகையோட உள்ளே வந்தா. சசாங்கன் நோட்டை மூடிட்டான். கல்யாணம் ஆகிப் போற பொண்ணுக்கு இங்கே என்ன வேலை, இனிமே நீ வேற ஊர்னு சொன்னான்.

"கல்யாணம் ஆகி ரெண்டரை மணி நேரம்தான் ஆச்சு சேட்டா. அதுக்குள்ள வோட்டர் லிஸ்ட்ல என் பேரை வெட்டிட்டீங்களா?"

பஞ்சாயத்து அலுவலர் பட்டியலைப் புரட்டினார். பேர் இருந்தது. நூற்று இருபத்துநாலாவது கையெழுத்து அவளுடையது. மருதாணிக் கையால் போட்டாள்.

சரி, உடனே கிளம்பியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயம். ஆனால் பேச்சு தொடங்கிவிட்டது. பொன்னம்மா எழுந்து, போன மழையில் ஒன்பது நாள் கட்டில் மேல் கட்டில் போட்டு அதன் மேல் சமைத்ததையும், ரேஷன் அரிசி மூட்டைக்குள்ளேயே முளைவிட்டதையும் சொன்னாள். மழை வருஷா வருஷம் பெரிசாகிறது, தோடு வருஷா வருஷம் சின்னதாகிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வயலை மேடாக்கினா தண்ணி எங்கே போகும்னு கேட்டேன். தாழ்ந்த இடத்துக்குப் போகும்னு மெம்பர் சொன்னார். அந்தத் தாழ்ந்த இடத்துலதான் நாங்க இருக்கோம்னு சொல்ல அவருக்கு வாய் வரலே" என்று உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பாகூட விழித்துக்கொண்டார். அந்த நேரத்தில் தாங்கள் பத்தொன்பது தடவை போன் செய்திருக்கிறீர்கள். நான் எடுக்காததற்குக் காரணம், நான் அப்போது பெஞ்சின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, தீர்மானத்துக்கு எல்லாக் கையும் உயர்ந்ததைப் பார்த்துத்தான் கீழே இறங்கினேன். சசாங்கன் கைகூட உயர்ந்திருந்தது. அவன் மனைவி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தது மாப்பிள்ளை பிரஜீஷின் வேட்டி விவகாரம். அவருக்கு இந்த வார்டில் ஓட்டு இல்லையே, வெளியே நின்று அலுத்துப்போய், வயலைப் பார்க்கலாம் என்று போயிருக்கிறார். வரப்பு வழுக்கித் தோட்டில் இறங்கிவிட்டார். சரிகைக் கரை போட்ட கசவு வேட்டி முழங்கால் வரை சேறு. நாலு மணிக்குத்தான் கண்டுபிடித்தோம். பஸ்ஸில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "மாமா, அங்கே இறங்கி நின்னப்போ என் கால்ல தண்ணி எப்படி இழுத்துச்சு தெரியுமா? அத்தனை தண்ணியும் அந்த ஒரு வழியாத்தான் போகுது" என்றார். சிஜி கேட்டுக்கொண்டே தன் முந்தானையால் அவர் காலைத் துடைத்தாள். புடவையில் சேறு எப்படி வந்தது என்று தங்கள் வீட்டில் கேட்டார்களாம். இப்படித்தான் வந்தது.

திங்கட்கிழமை மண் லாரி மூன்று வந்தது. மூன்றும் மண்ணோடு திரும்பிப் போயின. காலனிக்காரர்கள் எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார்கள். சம்பந்தி, சந்தோஷத்தில் இரண்டு கிளாஸ் குடித்தேன். ஆனால் அன்று மாலையே, ராதாமணி அவர்கள் சிஜியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதிலிருந்து எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. அவர்கள் காலில் விழுந்து கேட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் சிஜி கிராம சபை, கையெழுத்து, ஊர்வலம் என்று எதற்கும் போகமாட்டாள். வாக்குக் கொடுக்கிறேன். நானும் போகமாட்டேன். தாங்கள் குடும்பத்தோடு நூறு வருடம் நலமாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
சுகதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பிரஜீஷ் போன் செய்தார். தாங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்களாம், அதனால் இது தங்களுக்கு இன்னும் தெரிந்திருக்காது. ராதாமணி அவர்கள் இன்று காலை சிஜியிடம் பேசிவிட்டார்கள். செம்மீன் உரிக்கிற ஷெட்டின் கழிவு இறங்கித் தங்கள் சந்துக் கிணறுகள் எல்லாம் நாறி இரண்டு வருஷம் ஆகிறதாமே, என்னிடம் சொல்லவே இல்லையே. அவர்கள் சிஜியிடம் முதன்முதலில் கேட்ட கேள்வி, "உங்க ஊர்ல அன்னிக்கு எத்தனை கையெழுத்து வேண்டியிருந்தது மோளே?" மாமியாரும் மருமகளும் குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். ஆகவே மேலே எழுதிய வாக்கு, மன்னிப்பு எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். மத்தியானச் சாப்பாடு தங்களுக்கு நேரத்துக்குக் கிடைக்காது. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே பதினொன்றரை பஸ்ஸில் வருகிறேன், பொன்னம்மாவும் வருகிறாள்.