உள்ளான் வேட்கையும் தேநீர் முற்றுகையும்

வாழ்க, மூக்குக்கண்ணாடிக் கடையுடைய மாவீரன்! ஊரார் கண்களை ஒவ்வொன்றாய்ப் பொத்தச்செய்து, சுவரெழுத்தை வாசிக்கப் பணித்து, கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் தீர்ப்பளித்த கூர்விழிக் கொற்றவன் வாழ்க! ஐயகோ, அத்தகையோன் கரண்டிமூக்கு உள்ளான் என்னும் கையகலப் பறவையை ஒரு தரமேனும் கண்டானில்லை. கண்டவன் அவன் மனைவியின் தமையன். இதைவிடக் கொடுமை உண்டா சொல்லுங்கள்.

நெடுந்தூரப் பேருந்துச் சாரதியாகிய அந்த மைத்துனன், குடும்ப விருந்துதோறும் கைப்பேசியை நீட்டி, "பாத்தீங்களா மாப்ள, மூக்கு அப்படியே கரண்டி!" என்று முழங்குவதும், "எங்கண்ணன் கண்ணே கண்ணு" என்று இல்லாள் பூரிப்பதும், "கண்ணாடிக் கடை வச்சிருந்து என்ன பிரயோஜனம்?" என்று மாமியார் பெருமூச்சு விடுவதும், மாவீரன் தட்டைப் பார்த்துக் குனிவதும் வாடிக்கையாயின. ஒருநாள் பொங்கினான். குளியலறைக் கண்ணாடிமுன் பல்துலக்கியை வாளென ஓங்கி, "அடுத்த விருந்துல படம் காட்டப்போறது நான்தான்!" என்று சூளுரைத்தான். நுரை சட்டையில் வழிந்தது.

அலைவாய்ச் சதுப்பின் கரையில், பறவைகள் அறியாவண்ணம் பார்ப்போர் பதுங்குதற்கென அமைந்த பலகைக் குடிலொன்று உண்டு. உப்புக்காற்றில் இறுகிய அதன் சாளரங்களுள் திறப்பது ஒன்றே. அதன்முன் இருப்பதும் ஒற்றை முக்காலியே. "சத்தம் கூடாது. எழுந்திரிச்சா எடம் அடுத்தவருக்கு" என்பது காவலாளி வகுத்த சட்டம். மாவீரன் ஓட்டமும் நடையுமாய் வந்து சேர்ந்தபோது, அந்த முக்காலியில் ஏற்கெனவே மைத்துனன் மலைபோல் வீற்றிருந்தான்.

பேச வழியில்லை, தள்ள முறையில்லை. ஆகவே தேநீர்க் குடுவை ஏந்தினான் நம் தீரன். குடிப்பவன் எழுந்துதானே ஆகவேண்டும்! "மச்சான், சூடா ஒரு வாய்" என்று காதோடு கிசுகிசுத்து முதற்கணை தொடுத்தான்.

"நீங்க குடிக்காம நான் எப்படி மாப்ள?" என்று திரும்பி வந்தது எதிர்க்கணை.

ஆகா, மரியாதை எனும் பாழும் படைக்கலமே! மைத்துனனுக்கு ஒரு குவளை வார்த்தால் தனக்கும் ஒன்று வார்த்தாக வேண்டியதாயிற்று. அதனினும் பெரும்பிழை ஒன்றுண்டு: இடைநிறுத்தமில்லா இரவுப்பேருந்தை விடியுமட்டும் ஓட்டி ஓட்டி வைரம்பாய்ந்த அடிவயிற்றோடு, மணிக்கொருமுறை கடையின் பின்கட்டுக்கு ஓடுகின்ற தன் அடிவயிற்றை மோதவிட்டான் மூடன். ஆழம் தெரியாமல் காலை விட்டான். குவளைமேல் குவளை கவிழ, இருவர் அகழியும் நிரம்ப, மாவீரன் வலக்கால்மேல் இடக்காலும் இடக்கால்மேல் வலக்காலும் மாற்றிமாற்றிப் பின்னி, நெற்றி வியர்த்து, பல்லைக் கடித்து நின்றான். முக்காலி அசைந்து கொடுத்ததா? ஊஹூம்.

அப்போதன்றோ உதித்தது அந்தக் கொடிய சூழ்ச்சி! தண்ணீர்ப் புட்டியைத் திறந்தான். குவளையை மைத்துனன் செவியருகே பிடித்தான். சளசளவென, மெதுமெதுவாக, ஓர் அருவிபோல் வார்த்தான். சாரதியின் தோள் நடுங்கிற்று. கண் சொருகிற்று. "அட, போங்க மாப்ள!" என்று சட்டம் மீறிக் கூவி, எழுந்து, கதவை உதைத்துத் திறந்து, கழிப்பறை நோக்கிப் பறந்தான்.

வென்றது கண்ணாடிக் குலம்! அரியணை ஏறினான், தொலைநோக்கியில் கண் பதித்தான். அந்தோ, கடல் ஏறியிருந்தது! சேறு மூழ்கி, உள்ளானுக்குக் கால்வைக்க இடமின்றி, எங்கு நோக்கினும் தண்ணீர்: சலசலக்கும் தண்ணீர், கொப்பளிக்கும் தண்ணீர். இருக்கின்ற நிலையில் பார்க்கத் தகுந்த காட்சியா அது? வஞ்சினத்தை நினைத்துப் பொறுத்தான், மாமியாரை நினைத்துப் பொறுத்தான். பிறகு யாரை நினைத்தும் பயனின்றி ஓடினான்.

கழிப்பறையும் ஒன்றே. கதவு தாழிட்டிருந்தது.

"தட்டாதீங்க மாப்ள!" என்று உள்ளிருந்து எழுந்தது கிசுகிசுப்பு. "தண்ணி ஏறினதும் எல்லாம் பின்பக்க மேட்டுக்கு வந்துருச்சு. இந்த ஜன்னல்ல அவ்வளவு கிட்டக்கத் தெரியுது. உள்ளான் மாப்ள, உள்ளான்!"

"மச்சான், உள்ளானும் வேணாம், ஒரு எழவும் வேணாம். கதவைத் திறங்க!"

"இருங்க, மூக்கு தெரியற மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வந்துடறேன்."

திக்குகளே, சாட்சி நில்லுங்கள்! அலைகடலே, சற்று அடங்கு! கொண்ட வஞ்சினத்தைக் காற்றில் விட்டு, குலப்பெருமையைக் கழிப்பறை வாசலில் கிடத்தி, இருகரமும் கதவில் ஊன்றி, இருமுழங்காலும் ஒட்டி, இமை இறுக்கி, மூச்சடக்கி, விண்ணோரும் வியக்க ஒற்றைக்காலில் நின்று தவமியற்றினான் கூர்விழிக் கொற்றவன்.

பேன்ட் நனைந்துவிட்டது.