ஐந்து வாளியும் ஒரு கத்தரிக்காயும்

மான் புழுக்கையை உரமாகப் போட்ட நான்காம் நாள் கத்தரிச் செடிகள் ஐந்தும் தலையைத் தொங்கப்போட்டுவிட்டன.

"பச்சையாக் கொட்டினா வேர் வெந்துபோகாதா? நீங்க வயல்காரர்ட மகன்தானே?" என்றாள் மனைவி ஸுல்பிகா.

நஸ்ரி வாடிய இலையொன்றைக் கிள்ளி எறிந்தான். கிண்ணியாவில் அவனுடைய வாப்பா எதை நட்டாலும் விளையும். மகனோ திருகோணமலைத் துறைமுகத்தில் கோப்புப் புரட்டுகிறவன். "உன்ட கைக்குப் பேனைதான் சரி" என்று வாப்பா ஒருமுறை சொன்னது அவன் நெஞ்சில் இன்னும் குத்திக்கொண்டிருந்தது. தன் கையால் வளர்த்த ஒரே ஒரு கத்தரிக்காயை அவர் முன்னால் வைக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அதற்காக வீட்டிலிருந்த ஐந்து வாளிகளையும் தூக்கி, தென்னந் தும்புத்தூளும் ஆற்று மணலும் நிரப்பி, மேல்மாடிப் பல்கனியில் அடுக்கியிருந்தான். உரக்கடையில் விலையைக் கேட்ட வேகத்தில் படியிறங்கியவன், அன்றிலிருந்து சும்மா கிடைக்கும் உரத்தைத் தேடி அலைகிறான். மூன்று மாதமாகத் தேயிலைச் சக்கையும் மாட்டெருக் கரைசலும் ஊற்றிப் பார்த்தாயிற்று. கோட்டைப் பக்கம் திரியும் மான்கள் போட்டதைக் குனிந்து பொறுக்கியபோது அலுவலகத்தில் பாதிப்பேர் அவனைக் கண்டுவிட்டார்கள்.

"இந்த மாத முடிவு மட்டும்தான் பொறுப்பன்," என்றாள் ஸுல்பிகா. "ஒரு காய்கூட இல்லையெண்டா வாளி அஞ்சும் குளியலறைக்கு வரவேணும். சட்டியில அள்ளிக் குளிக்க என்னால ஏலா."

மறுநாள் இராகுலனிடம் முறையிட்டான். பக்கத்து மேசைக்காரனான இராகுலன் பயிர் விஷயத்தில் ஆலோசனை சொல்வதில் மன்னன். அவன் வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் பூச்செடி.

"சூடு கூடிப்போச்சுது. வாளியில இன்னும் ஓட்டை போட்டு, நிறையத் தண்ணி விட்டுக் கழுவுங்கோ. பிறகு மீன் கழுவின தண்ணி ஊத்துங்கோ. சல்லிக் கடற்கரையில மீன்காரர் சும்மா தருவாங்கள்."

நஸ்ரி வாளிக்குப் பத்து ஓட்டை போட்டான். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடி, பல்கனி வடிகுழாய் வழியே கீழே இறங்கியது. கீழ்வீட்டு இலட்சுமி அக்கா சண்டைக்கு வருவார் என்று பயந்துகொண்டே இருந்தான். அவர் வரவில்லை. மாலையில் அவரிடமிருந்து ஒரு கிண்ணம் கத்தரிக்காய்ப் பால்கறிதான் வந்தது.

"அவட பின்வளவில காய்ச்சதாம். ஒவ்வொண்டும் இந்தத் தண்டி," என்று ஸுல்பிகா கையை விரித்துக் காட்டினாள்.

"அவ காசைக் கொட்டி உரம் வாங்குறா. அதுக்கு நானென்ன செய்யிற?"

கறி நன்றாக இருந்ததுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

சனிக்கிழமை சல்லிக்குப் போய், மீன் கழுவிய தண்ணீரை ஒரு கேன் நிறைய வாங்கி பஸ் ஏறினான். உப்புவெளி வருமுன்னே மூடி கழன்றுவிட்டது.

"தம்பி, மீனை இறக்குங்க," என்றார் கொண்டக்டர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"மீனில்ல அண்ணன், தண்ணிதான்."

"அப்ப தண்ணியோட நீங்களும் இறங்குங்க."

வேகும் வெயிலில் வீடுவரை நடந்து, மிச்சத்தை வாளிகளில் ஊற்றினான். அரைமணி நேரத்தில் காகங்கள் வந்தன. பின்னாலேயே பூனைகள் வந்து வாளிகளைக் கிண்டின. இரண்டு செடிகள் வேரோடு வெளியே கிடந்தன.

"மணத்துக்குச் சாம்பல்தான் மருந்து," என்றான் இராகுலன்.

பேக்கரி அடுப்புச் சாம்பல் ஒரு பை கிடைத்தது. கொட்டிய நேரம் பார்த்துக் கடற்காற்று கிளம்பி, கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளிலெல்லாம் அதை அப்பியது. ஸுல்பிகா துணிகளை உருவி அவன் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அது திட்டுவதைவிட மோசம். நஸ்ரி குழாயைத் திறந்து பல்கனியைக் கழுவித் தள்ளினான். மிச்சச் செடிகளும் மஞ்சளாகிச் செத்தன.

அன்றைக்கும் கீழேயிருந்து கத்தரிக்காய் வந்தது, இந்த முறை ஒரு பை நிறைய.

"தம்பிய மனம் விடாமச் செய்யச் சொல்லுங்கோ எண்டு அக்கா சொன்னவ," என்றாள் ஸுல்பிகா.

"நக்கல்," என்றான் நஸ்ரி.

மாதம் முடிந்தது. வாளிகள் கழுவப்பட்டு, ஓட்டைகள் தாரால் அடைக்கப்பட்டு, குளியலறைக்குப் போயின. பல்கனி மூன்று நாளாக வெறுமையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், இலட்சுமி அக்காவின் காய்களில் மினுமினுப்பான இரண்டைத் தெரிந்தெடுத்து ஒரு பையில் போட்டான்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"வாப்பாக்கு."

"நீங்க வளத்ததெண்டு சொல்லியா?"

"அவர் கேட்டாத்தானே சொல்ல," என்றான். சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் செருப்பைப் போடும்போது படிக்கட்டில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் மேலே வந்திராத இலட்சுமி அக்கா, மூச்சு வாங்க வந்து நின்றார். நஸ்ரி பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"என்னக்கா, இவ்வளவு தூரம்?"

"சுகமில்லையோ எண்டு பாக்க வந்தனான் தம்பி," என்றார் அவர், கவலையோடு. "மூண்டு நாளா உங்கட பல்கனி வடிகுழாயில ஒரு சொட்டும் வரேல்லை. அதுக்குக் கீழ நிக்கிற என்ட கத்தரியெல்லாம் வாடுது. இந்தக் கிழமை மான் புழுக்கையோ, மீன் தண்ணியோ?"