பத்து நாள் பங்களாவில் பால் காய்ச்சியது

பத்து நாள் வாடகைக்கு எடுத்த பங்களாவில் பால் காய்ச்சியது நான்தான். இதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. மறுத்தாலும் பயனில்லை, சாட்சிகள் அதிகம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். என் கணவருக்குச் சங்கரன்கோவில் ரிஜிஸ்தர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, வேப்பமரம் யாருக்கு என்று அண்ணன் தம்பிகள் அவர் மேஜைக்கு முன்னால் நின்று நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். கேட்டுக் கேட்டு அவருக்கு வயிற்றில் புண் வந்துவிட்டது. டாக்டர் மருந்தோடு ஒரு கட்டளையும் போட்டார்: "பத்து நாள் கடற்காற்று வாங்கணும். பத்திரம் என்கிற சொல்லே காதில் விழக் கூடாது."

அந்தப் பத்து நாளும் அவருக்கு நிம்மதியாகக் கழிய வேண்டும். அதற்கு நான் பொறுப்பு என்று முடிவு செய்துகொண்டேன். (யாரும் கேட்கவில்லை.)

தூத்துக்குடி வியாபாரி ஒருவருக்குத் திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலைப் பார்த்த பங்களா ஒன்று பூட்டிக் கிடந்தது. தெரிந்தவர் மூலம் கடிதம் எழுதி வாடகைக்குப் பிடித்தோம். இவர், நான், ஒன்றரை வயது மகள் செல்லம். வேறு யாரும் கிடையாது. நாங்கள் குடியிருந்த ஒன்றரை அறையில் இருந்துகொண்டு அதை நினைக்கவே கூச்சமாக இருந்தது.

ஊர்விட்டு ஊர் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று இரண்டு பானை சங்கரன்கோவில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டேன். ஒன்று பஸ்ஸிலேயே உடைந்தது. மற்றதை ரயிலிலும் மாட்டுவண்டியிலும் இவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஓய்வு அப்படித்தான் தொடங்கியது.

காவல்காரர் சூசை கதவைத் திறந்ததும் வௌவால் வாடை அடித்தது. நாள்பட்டுப் பூட்டிக் கிடந்த வீடு. கைக்குழந்தையோடு சும்மா நுழையலாமா? நுழைந்து அவளுக்குக் காய்ச்சல் கண்டால்? மாமியார் கேட்டால் என்ன சொல்வேன்? பத்து நாள் வீட்டுக்குப் பால் காய்ச்சும் வழக்கம் உண்டா என்று யோசித்தேன். கூடாது என்று யாரும் சொன்னதாகவும் நினைவில்லை.

"பத்து நாள் இருந்துட்டுப் போறதுக்கு எவளாவது பால் காய்ச்சுவாளா, ஏட்டி?" என்றார் இவர்.

"நீங்க ஓய்வெடுங்க. எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். (இந்த வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் அதன்பிறகு அனுமதியில்லை.)

ராகுகாலம் முடியட்டும் என்று ஒன்றரை மணி நேரம் வெயிலில் மணல்மேல் ஓய்வெடுத்தோம். பிறகு நிலைப்படிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினேன். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. எனக்குப் பரம திருப்தி. அக்கம்பக்கத்தில் ஆறு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன்.

சூசை தம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஐயாவுக்கு என்ன சோலி, தாயி?"

"ரிஜிஸ்தர் ஆபீஸ்ல" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ஓகோ" என்றார் சூசை.

அந்த ஓகோவின் பொருள் மறுநாள் காலையில் தெரிந்தது. வாசலில் இரண்டு மாட்டுவண்டிகள் வந்து நின்றன. கட்டில், ஆட்டுரல், நாலு கோழி. இறங்கியவர் பங்களா வீட்டுக்காரரான வியாபாரியின் தம்பி பொன்னுச்சாமி. கூடவே அவர் மனைவி பிச்சம்மாள். பங்களா தகப்பனார் கட்டியது, இன்னும் பாகம் பிரிக்கவில்லை, அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்ற விவரங்களை அவர் வாசலில் நின்றே ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

"என்ன வே, எங்க அப்பா கட்டுன வீட்டை எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதி வாங்கிட்டீரோ?"

"நான் வாடகைக்கு வந்திருக்கேன்" என்றார் இவர்.

"வாடகைக்கு வந்தவன் எவன் வே பால் காய்ச்சுவான்?"

பிச்சம்மாள் நிலைப்படியைத் தொட்டு விரலைப் பார்த்தாள். "மஞ்சள் கூட இன்னும் உதிரலை, பாத்துக்கிடுங்க."

"ரிஜிஸ்தர் ஆபீஸ் ஆளுன்னு சூசை சொல்லுதான். பத்திரத்தை எடும் வே!"

டாக்டர் தடுத்த சொல் இரண்டாம் நாளே வந்துவிட்டது.

"யாரு பால் காய்ச்சுனது?" என்றார் பொன்னுச்சாமி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவரும்தான்.

"பிள்ளைக்குக் காய்ச்சுனேன்" என்றேன்.

"ஆறு வீட்டுக்கும் உம் பிள்ளைதானாக்கும்?" என்றாள் பிச்சம்மாள்.

அவள் அண்டை வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பெட்டியைக் குடைந்து வீட்டுக்காரரின் வாடகைக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். பொன்னுச்சாமி இரண்டு தடவை படித்தார். கோபம் போய்விட்டது. அவர் போகவில்லை.

"வந்தது வந்தாச்சு. இப்பத் திரும்பிப் போனா பங்கை விட்டுக் குடுத்தாப்பில ஆயிரும்" என்று கடலைப் பார்த்த முன்னறைகள் இரண்டிலும் சாமான்களை இறக்கினார். எங்களுக்குப் பின்னறைகள். அங்கிருந்து கிணறும் கோழிகளும் நன்றாகத் தெரிந்தன.

மத்தியானமே அவர் இவரை அண்ணாச்சி என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். "ஒரு சின்ன சந்தேகம் அண்ணாச்சி. தகப்பன் உயில் எழுதாமப் போயிட்டா..." மூன்று நாள் அந்தச் சின்ன சந்தேகம் வளர்ந்தது. இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. எப்படியாவது இவரைக் காப்பாற்ற வேண்டும் என்று, உங்கள் தம்பியைக் கூட்டிப் போங்கள் என வீட்டுக்காரருக்குச் சூசையை அனுப்பித் தந்தி கொடுக்கச் செய்தேன்.

அவரும் வந்தார். இரண்டு நாள் தங்குவதற்கு வேண்டிய துணிமணியோடு, ஒரு கட்டுப் பழைய காகிதங்களும் கொண்டுவந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "யாரோ பால் காய்ச்சினாங்களாமே?"

"கிழக்கே பொங்குச்சு ஐயா" என்றார் சூசை.

அதன்பிறகு தினமும் முன்வராந்தாவில் அண்ணன், தம்பி, நடுவில் இவர். சங்கரன்கோவிலில் ஆபீஸ் ஐந்து மணிக்காவது முடியும். எட்டாம் நாள் இவர் திடீரென்று எழுந்து, நான் அதுவரை கேட்டிராத குரலில், "ரெண்டு பேரும் உக்காருங்க வே!" என்றார். உட்கார்ந்தார்கள். என்னுடைய மளிகைக் கணக்கு நோட்டை என்னிடம் கேட்டு வாங்கி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் பாகத்தை எழுதி முடித்தார். வடபாதி அண்ணனுக்கு, தென்பாதி தம்பிக்கு, கிணறு பொது. படித்துக் காட்டியதும் இருவரும் தலையாட்டினார்கள். அன்று மத்தியானம் அண்ணன் இலைக்குத் தம்பி மீன் குழம்பு ஊற்றினார். பிச்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ பால் காய்ச்சுன கை ராசியான கை, மக்கா" என்றாள்.

ஊருக்குத் திரும்ப வண்டியில் ஏறும்போதுதான் நான் கடலைப் பார்த்தேன். பெரிதாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் டாக்டர் இவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலி பாதிக்குமேல் குறைந்திருந்தது. "பாத்தீங்களா? எல்லாம் கடற்காற்று" என்றார். பிச்சம்மாள் வேளைக்கு ஒரு தடவை தவறாமல் கொடுத்த மோர்க்கஞ்சியைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றுகிறது. ஆபீஸுக்குப் போன முதல் நாள், வேப்பமரத்துக்காக இரண்டு பேர் மேஜையைக் குத்தியபோது, இவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "மெதுவாச் சொல்லுங்க, அவசரமில்லை" என்றாராம். வீட்டுக்கு வந்தது போல இருந்ததாம்.

செல்லத்துக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். போன மாதம் எல்லாரும் மதுரையில் ஒரு சத்திரத்தில் ஒருநாள் தங்கினோம். சின்னவன் பாலுக்கு அழுதான். நான் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாலை வைத்தேன். இவர் கட்டிலில் படுத்திருந்தார். முகத்தை மறைத்த பேப்பரை இறக்காமலே சொன்னார்:

"செல்லம், வாசல்ல வண்டி ஏதும் வருதான்னு பாரு."

செல்லம் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மட்டும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.